இறால் குஞ்சும் ஒரு சிட்டிகை உப்பும்

இறால் என்று சொன்னதுமே நம்மாட்களுக்கு முதலில் வாய்தான் வேலை செய்யும். தொக்கா, வறுவலா, பிரியாணியா என்று ஒரு பட்டிமன்றமே நடக்கும். இந்தப் பதிவில் யாரும் இறாலைச் சமைக்கப் போவதில்லை. சைவ நண்பர்கள் தைரியமாகத் தொடரலாம் :-)

நான் சொல்ல வந்தது கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற நன்னீர் இறாலின் சரித்திரம். ஒரு அங்குலம் தாண்டினால் அதிகம். செக்கச்செவேல்னு ஒண்ணு, சிவப்பு வெள்ளைப் பட்டை போட்டு ஒண்ணு, கண்ணாடி மாதிரி உடம்புக்குள்ள இருப்பதெல்லாம் தெரியும்படி ஒண்ணு. என் வீட்டில் ரெண்டடித் தொட்டி ஒன்று இருக்கிறது. பகலெல்லாம் பொட்டி தட்டிவிட்டு ராத்திரி அதன் முன்னால் உட்கார்ந்தால் மணி போவதே தெரியாது. அம்மாவுக்கு மட்டும் இன்னும் புரியவில்லை. "மார்க்கெட்ல கிலோ கணக்குல கெடைக்குது, இதுக்கு ஏன்டா ஃபேன், லைட்டு எல்லாம்?"

மீன் தொட்டிக்கு வயசு நூற்று எழுபதுக்கு மேல். 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன்களுக்கென்று தனிக் கட்டடம் திறந்தார்கள். அந்தப் பத்தாண்டுகளில் இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு தொட்டி வைப்பது ஒரு பைத்தியமாகவே பரவியது. ஆனால் நன்னீர் இறாலுக்கென்றே தொட்டி வைக்கும் பழக்கம் சூடு பிடித்தது 1990-களுக்குப் பிறகுதான். நடுவில் நூற்று நாற்பது வருஷம். அவ்வளவு காலமும் ஆற்றில் இறால் இருந்தது, வீட்டில் தொட்டியும் இருந்தது. ரெண்டையும் சேர்ப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தச் சிக்கலின் பெயர் குஞ்சு. தீர்வின் பெயர் உப்பு.

ரெண்டு வகை அம்மாக்கள்

முதலில் கொஞ்சம் உயிரியல். ஈ.சி.ஈ. படித்தவன் சொல்கிறேன், அதனால் எளிமையாகத்தான் இருக்கும்.

நன்னீர் இறாலில் பெண் முட்டையை எங்கேயும் போட்டுவிட்டுப் போகாது. வயிற்றுக்கு அடியில் இருக்கும் நீச்சல் கால்களில் ஒட்டிக்கொண்டு, விசிறி விசிறி காற்றோட்டம் கொடுத்து, பொரிக்கும் வரை சுமந்துகொண்டே திரியும். இதுவரை எல்லா அம்மாவும் ஒரே மாதிரி. வித்தியாசம் முட்டையின் அளவில் இருக்கிறது.

ஒரு வகை, அரை மில்லிமீட்டர் அளவில் குட்டிக் குட்டியாக ஆயிரக்கணக்கில் முட்டை சுமக்கும். உள்ளே மஞ்சள் கரு கொஞ்சம்தான். அதனால் குஞ்சு அரைகுறையாகவே வெளியே வந்துவிடும். இறால் மாதிரியே இருக்காது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தண்ணீரில் மிதக்கும் தூசு. ஆறு அதை அடித்துக்கொண்டு போய்க் கழிமுகத்திலோ கடலிலோ சேர்க்கும். அங்கே உப்புத் தண்ணீரில் சில வாரம் மிதந்து, பலமுறை சட்டை உரித்து, இறால் உருவம் எடுத்து, அப்புறம் ஆற்றோரமாகவே ஏறி ஊருக்குத் திரும்பும்.

இன்னொரு வகை, ஒரு மில்லிமீட்டருக்கும் பெரிய முட்டையாக இருபது, முப்பதுதான் சுமக்கும். கரு நிறைய. குஞ்சு முட்டைக்குள்ளேயே வளர்ச்சியை முடித்துவிட்டு, வெளியே வரும்போதே குட்டி இறாலாக வந்து பாசியைக் கொறிக்க ஆரம்பித்துவிடும். கடலும் வேண்டாம், உப்பும் வேண்டாம்.

இப்போது முதல் வகை இறாலை ஒருவர் நல்ல தண்ணீர்த் தொட்டியில் வளர்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டை வைக்கும். பொரிக்கும். ஆயிரம் தூசு மிதக்கும். சில நாளில் ஒன்றுகூட இருக்காது. ஏன் என்று தெரியாது. அடுத்த மாசம் திரும்பவும் முட்டை வைக்கும், திரும்பவும் அதே கதை.

இந்தப் புதிரை அவிழ்த்தவர் தொட்டி வளர்ப்பாளர் இல்லை. சாப்பாட்டு இறால் ஆள்.

பினாங்கு, 1961

மலேசியாவில் உடாங் காலா என்று ஒரு இறால். காலா என்றால் நீளக் கம்பு. அந்த இறாலின் நீல நிறக் கொடுக்குக் கால்களைப் பார்த்தால் பெயர்க் காரணம் புரியும். உடம்பை விட நீளம். ஆண் முப்பது சென்டிமீட்டர் தாண்டி வளரும். கேரளத்தில் ஆற்றுக்கொஞ்சு. ஏற்றுமதிக்காரர்கள் வாயில் ஸ்கேம்ப்பி. 1879-ல் டச்சு விலங்கியலாளர் டி மான் இதற்கு வைத்த பெயர் இப்போது மேக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கி என்று வழங்குகிறது.

நல்ல விலை போகும் இறால். ஆனால் பண்ணையில் வளர்க்க வேண்டுமென்றால் ஆற்றில் குஞ்சு பிடித்துக் கொண்டுவந்துதான் விட வேண்டும். பொரிக்க வைத்து வளர்க்க யாராலும் முடியவில்லை. முழுசாக வளர்ந்த பெண் ஒரு தடவைக்கு 80,000 முதல் ஒரு லட்சம் முட்டை வரை சுமக்கும். அத்தனையும் பொரிந்து, அத்தனையும் சாகும்.

பினாங்கில் குளுகோர் என்ற இடத்தில் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருந்தது. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு நிபுணராக ஷாவ் வென் லிங் அங்கே இந்த இறாலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என்னென்னவோ தீனி கொடுத்துப் பார்த்தும் குஞ்சு தங்கவில்லை. கடைசியில் வெறுத்துப்போய்ச் சாப்பாட்டு மேஜையில் இருந்த சோயா சாஸைத் தொட்டியில் சொட்டு விட்டார், அதில் குஞ்சுகள் கொஞ்சம் அதிக நாள் பிழைத்தன, "அடடே, சாஸில் இருப்பது உப்பு அல்லவா" என்று பொறி தட்டியது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, முடிவு ஆவணத்தில் இருக்கிறது. 1961-ல் லிங் கண்டுபிடித்தது இதுதான்: இந்த நன்னீர் இறாலின் குஞ்சு பிழைக்க உவர் நீர் வேண்டும்.

கடல் அளவுக்கு உப்பு வேண்டியதில்லை. கடலில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்றால் இதற்குச் சுமார் 12 கிராம் போதும். அந்தத் தண்ணீரில் பதினொரு குஞ்சுப் பருவங்களைத் தாண்டி, சில வாரத்தில் இறால் உருவம் வந்துவிடும். அதன்பின் நல்ல தண்ணீருக்கு மாற்றிவிடலாம்.

கோடிங் எழுதுகிறவர்களுக்குத் தெரியும், ராத்திரி பகலா மண்டை காய்ந்து தேடிய பிழை கடைசியில் ஒரு அரைப்புள்ளியில் இருக்கும். லிங் கண்டுபிடித்த அரைப்புள்ளி உப்பு.

பினாங்கில் பிடிபட்ட விஷயத்தைத் தொழிலாக மாற்றியவர் ஹவாயில் இருந்த டாகுஜி ஃபுஜிமுரா. 1965-ல் மலேசியாவிலிருந்து தாய் இறால்கள் ஹொனலுலுவுக்குப் போயின. பாசி வளர்ந்து பச்சையான உவர் நீரில் குஞ்சுகளை மொத்தமாக வளர்க்கும் முறையை அவர் குழு உருவாக்கியது. 'பச்சைத் தண்ணீர் முறை' என்றே அதற்குப் பெயர். 1970-களில் தாய்லாந்து, தைவான் என்று பரவி, பிறகு வங்காளதேசம், ஆந்திரா வரை குஞ்சு பொரிப்பகங்கள் முளைத்தன.

உப்பைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இது சாட்சி. உப்பை மறித்தால் என்ன ஆகும்? அதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. குட்டநாட்டு வயல்கள் கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பவை. கோடையில் உப்பு ஏறினால் நெல் போச்சு. அதனால் 1970-களில் வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே தண்ணீர்முக்கம் தடுப்பணை வந்தது. கோடைக்கு முன்பே மதகை மூடிவிடுவார்கள். நெல் பிழைத்தது. ஆனால் முட்டை சுமந்துகொண்டு உப்பைத் தேடிக் கீழே இறங்கும் ஆற்றுக்கொஞ்சுக்கும், இறால் உருவம் எடுத்து மேலே ஏறும் அதன் பிள்ளைகளுக்கும் வழியில் ஒரு சுவர். ஒரு காலத்தில் அந்தக் காயலின் பெருமையாக இருந்த இறால் அங்கே குறைந்துபோனதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியமான காரணங்களில் இந்தச் சுவரும் ஒன்று. நெல்லா இறாலா என்று கேட்டால் பதில் சொல்வது சுலபம் இல்லை. ஆனால் கேள்வி அப்படித்தான் வந்து நின்றது.

சைக்கிள்காரர் வாங்கிய இறால்

சாப்பாட்டு இறாலிலிருந்து தொட்டி இறாலுக்கு வருவோம். இதற்கு ஜப்பான் போக வேண்டும்.

டகாஷி அமானோ, 1954-ல் நீகாட்டாவில் பிறந்தவர். தொழில்முறை சைக்கிள் பந்தய வீரர். பந்தயத்தில் சம்பாதித்த காசைக் கேமராவிலும் தொட்டியிலும் போட்டார். 1982-ல் சொந்தமாகத் தொட்டிப் பொருள் நிறுவனம் தொடங்கினார். தொட்டிக்குள் காடு, மலை, புல்வெளி என்று இயற்கைக் காட்சியையே கொண்டுவருவதுதான் அவர் வழி. மீன் அவருக்கு ரெண்டாம் பட்சம், செடிதான் கதாநாயகன்.

செடி தழைக்க வெளிச்சம் வேண்டும், கரியமில வாயு வேண்டும், உரம் வேண்டும். இது மூன்றும் கிடைத்தால் செடியை முந்திக்கொண்டு பாசி வளரும். தொட்டி வைத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தலைவலி இது. நூல் நூலாக இலையில் சுற்றிக்கொண்டால் கையால் எடுத்து முடியாது.

அமானோ பலவகை உயிர்களைப் பாசி தின்ன விட்டுப் பார்த்தார். ஜெயித்தது யமாட்டோ நுமா எபி என்ற ஜப்பானிய ஓடை இறால். நுமா என்றால் சதுப்பு, எபி என்றால் இறால். நிறமே இல்லாத, பக்கவாட்டில் புள்ளிக் கோடு போட்ட சாதாரண இறால். ஆனால் இரவு பகல் பாராமல் பாசியை மேய்ந்து தள்ளும். ஆயிரக்கணக்கில் வரவழைத்துத் தொட்டிகளில் விட்டார். 1992-ல் அவருடைய புகைப்படப் புத்தகம் வெளிவந்து, மொழிபெயர்ப்புகள் உலகம் சுற்றியபோது, படத்தில் இருந்த தொட்டியைப் பார்த்தவர்கள் "இது எப்படி இவ்வளவு சுத்தமா இருக்கு?" என்று கேட்டார்கள். பதில் இறால். இன்றைக்கும் உலகமெங்கும் கடையில் அதற்குப் பெயர் அமானோ இறால்.

2015-ல் லிஸ்பன் கடல்வாழ் காட்சியகத்தில் நாற்பது மீட்டர் நீளத் தொட்டியில் ஒரு நீரடிக் காட்டை அமைத்துக் கொடுத்துவிட்டு, அதே வருஷம் ஆகஸ்டில் அமானோ காலமானார்.

அறிவியல் பெயரில் ஒரு சுவாரசியம் உண்டு. 1892-ல் இதற்குக் காரிடினா ஜப்போனிகா என்று பெயர் வைத்தவர் நம்ம பழைய டி மான்தான். ஆனால் 1860-லேயே வில்லியம் ஸ்டிம்ப்சன் என்ற அமெரிக்கர், ஜப்பானுக்குத் தெற்கே போனின் தீவுகளில் பிடித்த இறாலுக்குக் காரிடினா மல்டிடென்டாட்டா என்று பெயர் வைத்திருந்தார். அவர் சேகரித்து வைத்திருந்தவற்றில் பெரும்பகுதி 1871-ல் சிகாகோ பெருந்தீயில் எரிந்தது. மனுஷர் அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தார். ரெண்டும் ஒரே இறால்தான் என்று ஆய்வாளர்கள் சேர்த்து வைத்தது 2006-ல். முதலில் வைத்த பெயருக்கே மரியாதை என்பது விதி. அதனால் நூற்று நாற்பத்தாறு வருஷம் கழித்து ஸ்டிம்ப்சன் ஜெயித்தார்.

சரி, அமானோ இறால் எந்த வகை அம்மா? முதல் வகை. ஒரு தடவைக்கு ஆயிரம், ரெண்டாயிரம் குஞ்சு. அத்தனைக்கும் கடல் வேண்டும். ரோசன்பெர்கியை விடவும் பிடிவாதம். 12 கிராமெல்லாம் போதாது, கிட்டத்தட்டக் கடல் நீர் அளவு உப்பு கேட்கும். வீட்டிலேயே செய்து ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். பொரித்த அன்றிரவு விளக்கை எல்லாம் அணைத்து, ஒரு மூலையில் டார்ச் அடித்தால் குஞ்சுகள் வெளிச்சத்துக்கு வந்து கூடும். குழாய் வைத்து உறிஞ்சி உப்புத் தண்ணீருக்கு மாற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பாசியைத் தனியாக வளர்த்து ஊட்ட வேண்டும். ஒரு மாசத்துக்கும் மேல் காத்திருந்து, இறால் உருவம் வந்ததும் நல்ல தண்ணீருக்குக் கொண்டுவர வேண்டும். ஆயிரத்தில் இருபது தேறினாலே ஊரைக் கூட்டிச் சொல்லலாம்.

இவ்வளவு பாடு இருப்பதால் கடைக்கு வருவதில் பெரும்பகுதி இன்றும் ஓடையில் பிடித்ததுதான். வீட்டுக்குள் சந்ததி பெருகாத இறாலை எத்தனை நாள் வைத்திருந்தாலும் அது விருந்தாளிதான்.

ஆயிரம் கறுப்பில் ஒரு சிவப்பு

வீட்டுக்காரனாகவே ஆனது ரெண்டாவது வகை.

ஹாங்காங்கிலும் அதைச் சுற்றியுள்ள தென்சீன ஓடைகளிலும் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட குட்டி இறால் உண்டு. தேனீ இறால் என்பார்கள். பெரிய முட்டை, உப்பு வேண்டாத குஞ்சு. ஜப்பானில் 1980-களிலிருந்து வளர்த்தார்கள். ஹிசயாசு சுசுகி என்பவர் தொட்டியில் 1990-களின் தொடக்கத்தில் ஒரு அதிசயம் நடந்தது. கறுப்புக் கூட்டத்தின் நடுவே கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் சிவப்போடு ஒரு குஞ்சு.

மெண்டல் பாடம் ஞாபகம் இருக்கிறதா? பட்டாணிச் செடி? அதேதான். இந்தச் சிவப்பு ஒடுங்கு பண்பு. சிவப்பையும் சுத்தக் கறுப்பையும் சேர்த்தால் பிள்ளைகள் எல்லாம் கறுப்பு. சிவப்பு எங்கே போச்சு என்று தேடினால் கிடைக்காது. பேரப்பிள்ளைகளில் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் மறுபடி தலை காட்டும். சுசுகி பொறுமையாகச் சிவப்பை மட்டும் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்து, வருஷக்கணக்கில் கழித்துக் கட்டி, 1996-ல் கிரிஸ்டல் ரெட் என்ற பெயரை வணிக முத்திரையாகப் பதிவு செய்தார்.

அதன் பிறகு நடந்தது ஒரு திருவிழா. வெள்ளை எவ்வளவு கெட்டியாக இருக்கிறது, பட்டை எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்து சி, பி, ஏ, எஸ், எஸ்.எஸ்., எஸ்.எஸ்.எஸ். என்று தரம் பிரித்தார்கள். வெள்ளை முதுகில் வட்டமாகச் சிவப்பு விழுந்தால் ஜப்பான் கொடி, அதாவது ஹினோமாரு. தலையில் மட்டும் சிவப்பு என்றால் மோசுரா. சினிமாவில் வரும் ராட்சத அந்துப்பூச்சியின் பெயர். ஜெர்மனி, தைவான், சிங்கப்பூர் எங்கும் இதே பேச்சு.

இதில் ஒரு சங்கடமும் சேர்ந்தே வந்தது. சிவப்பு எல்லாம் ஒரு சில மூதாதைகளின் வாரிசுகள். சொந்தத்துக்குள்ளேயே கட்டிக் கட்டி உடம்பு சொங்கியாகிவிட்டது. வெயில் ஆகாது, தண்ணீர் கொஞ்சம் மாறினாலும் ஆகாது. தெம்பு ஏற்ற மறுபடி கறுப்புத் தேனீ இறாலைச் சேர்த்தார்கள். விலை உயர்ந்த சிவப்பு பிழைக்க, விலை குறைந்த கறுப்பின் தயவு வேண்டியிருந்தது. அந்தக் கறுப்புக்கு அறிவியல் பெயர் கிடைத்ததோ 2014-ல்தான்: காரிடினா லோகமன்னி. உலகம் பூரா விற்றுத் தீர்த்தபிறகு பெயர் சூட்டு விழா!

நம்மைப் போன்ற சாமானியனுக்கு ஏற்றது செர்ரி இறால். நியோகாரிடினா டேவிடி. காட்டில் இது பச்சையும் பழுப்புமாக மங்கலாக இருக்கும். தைவானில் சிவப்பைப் பொறுக்கி வளர்த்தெடுத்தார்கள். பிறகு அதிலிருந்தே மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று ரங்கோலிப் பொடி மாதிரி எல்லா நிறமும் வந்துவிட்டது. முக்கியமான எச்சரிக்கை: எல்லா நிறத்தையும் ஒரே தொட்டியில் கலந்தால் சில தலைமுறையில் குஞ்சுகள் பெரும்பாலும் பழைய பழுப்புக்கே திரும்பிவிடும். மனுஷன் முப்பது வருஷம் பொறுக்கியதை இறால் ஒரு வருஷத்தில் அழித்து எழுதிவிடும் :-))

சென்னை வெயிலில் ஒரு தொட்டி

"சரி, எப்படி வைப்பது?" என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. இதிலும் சரித்திரம்தான் பேசுகிறது.

ரெண்டடித் தொட்டி, ஐம்பது அறுபது லிட்டர். ஸ்பாஞ்சு வடிகட்டி போதும். மோட்டார் உறிஞ்சும் வடிகட்டி வைத்தால் குஞ்சும் சேர்ந்து உள்ளே போய்விடும். நிறைய ஜாவா மாஸ். குஞ்சுக்கு அதுதான் தொட்டில், அதுதான் அன்னதானக் கூடம். தண்ணீர் நிரப்பிய அன்றே இறாலை விடக் கூடாது. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். காலித் தொட்டியை ஒரு மாசம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை இருப்பவருக்கு இறால் வளரும்.

ரெண்டு எதிரிகளை நினைவில் வையுங்கள். ஒன்று செம்பு. மீன் நோய் மருந்துகள் பலவற்றில் இருக்கும். மீனைக் காப்பாற்றும், இறாலைக் கொல்லும். இன்னொன்று பூச்சி மருந்து. இறாலும் பூச்சியும் தூரத்துச் சொந்தம் என்பதால் கரப்பானுக்கு அடிப்பது இதற்கும் அடிக்கும். தொட்டி இருக்கும் அறையில் கொசுவத்தி சுத்தக் கூடாது. பதிவில் சுத்தலாம், தப்பில்லை.

அப்புறம் வெயில். கிரிஸ்டல் ரெட்டுக்கு 22, 23 டிகிரிதான் சுகம். மே மாசம் நம்மூர்த் தண்ணீர் தானாகவே 32-ஐத் தொடும். தண்ணீர்ப் பரப்பின்மேல் குட்டி ஃபேன் ஓடவிட்டால் ஆவியாகி ரெண்டு மூணு டிகிரி குறையும். செர்ரிக்கு அது போதும், கிரிஸ்டலுக்குப் போதாது. அதனால் என் தொட்டியில் செர்ரி மட்டும். பத்து விட்டேன். முதல் பெண் வயிற்றடியில் மஞ்சள் மணிகளோடு வந்து நின்றதிலிருந்து சுமார் மூணு வாரம். ஒருநாள் ராத்திரி பாசியில் கொசு அளவுக்கு ஏதோ நடமாடியது. கொடுக்கு, மீசை, வால் எல்லாம் சரியாக இருந்தது. உப்பே போடாமல்!

மட்டானோ ஏரியும் கொளத்தூர் மீனும்

கடைசியாகச் சொல்வதற்கு ஒரு இறாலை வைத்திருக்கிறேன்.

இந்தோனேசியாவின் சுலவேசி தீவில் மட்டானோ என்று ஒரு ஏரி. ஆழம் சுமார் 590 மீட்டர். அந்த நாட்டிலேயே ஆழமானது. லட்சக்கணக்கான வருஷங்களாகத் தனித்துக் கிடந்ததால் வேறெங்கும் இல்லாத மீன், நத்தை, இறால் எல்லாம் அங்கே உருவாகியிருந்தன. அதில் ஒன்று அடர்சிவப்பு உடம்பு, வெள்ளைப் புள்ளி, வெள்ளை முன்னங்கால்கள் கொண்ட கார்டினல் இறால். பாறையைக் கொறிக்கும்போது அந்த வெள்ளைக் கால்கள் தட்டச்சு செய்கிற விரல்கள் மாதிரியே ஓடும். 2009-ல் காரிடினா டென்னர்லி என்று பெயரிட்டார்கள். ஆய்வுப் பயணத்துக்கு உதவிய ஜெர்மன் தொட்டிப் பொருள் நிறுவனத்தின் பெயர் அது. இறாலுக்கே ஸ்பான்சர்!

இது ரெண்டாவது வகை அம்மா. பத்துப் பதினைந்து பெரிய முட்டை. கடல் தெரியாத ஏரியில் வாழ்வதற்குச் சரியான ஏற்பாடு. ஆனால் வேகமாகப் பெருகாது.

2000-களில் அந்த ஏரிக்குள் யாரோ ஃபிளவர்ஹார்ன் மீனை விட்டார்கள். நெற்றியில் புடைத்த கொம்போடு இருக்குமே, அதேதான். கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டம் என்று நம் ஊரிலும் பலர் வாங்கியது. அது எந்த ஆற்றிலும் பிறந்த மீன் இல்லை. மத்திய அமெரிக்க மீன்களைக் கலந்து 1990-களில் மலேசியாவில், தொட்டிக்காகவே, உருவாக்கிய கலப்பினம். ஏரியில் அது கிடைத்ததையெல்லாம் தின்று பெருகியது. 2012-ல் ஆய்வாளர்கள் அபாய மணி அடித்தார்கள். பிறகு மட்டானோவில் தேடியவர்கள் கண்ணுக்குக் கார்டினல் இறால் அகப்படவில்லை.

இப்போது அது எங்கே இருக்கிறது? ஜெர்மனியிலும் ஜப்பானிலும் யார் யாரோ வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில். உப்பு கேட்காத இறால் என்பதால் மட்டுமே அது சாத்தியமானது. இதே ஏரியில் முதல் வகை இறால் இருந்து அதற்கு இந்த கதி வந்திருந்தால் தொட்டியிலும் தங்கியிருக்காது.

ஆக, நம் பொழுதுபோக்கு உருவாக்கிய மீன் ஏரியில் அதைத் தின்றது. நம் பொழுதுபோக்குதான் அதை வீட்டில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இதில் பெருமைப்பட்டுக்கொள்வதா, வெட்கப்படுவதா என்று யோசித்தால் எனக்கு ரெண்டும் வருகிறது. வெட்கம் கொஞ்சம் தூக்கலாக. தொட்டியில் இருப்பது இறால்தான், ஏரி இல்லை. அங்கே பாறை இடுக்கில் அதோடு இருந்த மற்ற உயிர்களை யாரும் டப்பாவில் போட்டு அனுப்பி வைக்கவில்லை.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். வீடு மாறுகிறீர்கள், வெளிநாடு போகிறீர்கள், தொட்டி போதும் என்று ஆகிவிட்டது என்றால், மீனையும் இறாலையும் வேறு வளர்ப்பவர்களுக்குக் கொடுங்கள், கடையில் திருப்பிக் கொடுங்கள். பாவம் என்று நினைத்துப் பக்கத்து ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள். மட்டானோவில் விட்டவரும் கெட்ட எண்ணத்தோடு விட்டிருக்க மாட்டார்.

டிஸ்கி: கார்டினல் இறாலுக்கு 27, 28 டிகிரி வெந்நீர்தான் பிடிக்குமாம். நம் ஊர் சீதோஷ்ணத்துக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கிறது. ரெண்டாவது தொட்டிக்கு அம்மாவிடம் அனுமதி கேட்டு மனு போட்டிருக்கிறேன். தீர்ப்பு நிலுவையில் இருக்கிறது.